ஆ மன்ஜாத்தோ?

அந்த அக்கா யாரையும் பார்த்து "எப்படி இருக்கே?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. "சாப்ட்டியா?" என்றுதான் கேட்பாள். கல்மண்டபம் பகுதியில் காலை வேளையில் தள்ளுவண்டியில் இட்லி விற்கிறவள் அப்படிக் கேட்பது வியாபாரத் தந்திரம் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். வண்டியைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் அதையேதான் கேட்பாள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையிடம், கோர்ட்டில் தோற்று வந்தவனிடம், மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவனிடம், எல்லாரிடமும் அதே ஒரு கேள்வி. சொல்கிற பதிலையும் சொல்கிற தினுசையும் வைத்து ஆளின் நிலவரத்தை முழுசாகத் தெரிந்துகொள்வாள். தெருவில் அவள் பெயரை ஒருத்தரும் சொல்வதில்லை. சாப்ட்டியாக்கா, அவ்வளவுதான். ரேஷன் கடைக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார், அவளும் "இன்னா?" என்று திரும்புவாள்.

என் கடை அவள் வண்டிக்கு நேர் எதிரே இருந்தது. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆதார் திருத்தம், கப்பல் வேலைக்கு விண்ணப்பம் நிரப்புவது எல்லாம் உண்டு. எனக்கு வாய் நீளம், பொறுமை குறைவு. அந்த அக்காவை எனக்கு ரொம்ப நாள் பிடிக்காமல் இருந்தது. அதற்குக் காரணம் உண்டு.

என் அப்பா பெரியாஸ்பத்திரியில் கிடந்த சமயம். ஒருநாள் காலையில் என் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடக்க, ஆஸ்பத்திரியில் கூட இருந்த என் தம்பி அந்த அக்காவுக்குப் போன் போட்டிருக்கிறான். அவள் கேட்டுக்கொண்டு வைத்தாள். தட்டில் ஐந்து இட்லி வைத்து வடகறியை அள்ளி ஊற்றி, ரோட்டைக் கடந்து வந்து என் மேஜைமேல் வைத்தாள்.

"சாப்ட்டியா நைனா?"

"இல்லக்கா. ஆஸ்பத்திரிக்கி கெளம்பிகினு கீறேன். அப்பறம் பாத்துக்கலாம்."

"துன்னுட்டு போ. ஆறிப் போச்சின்னா நல்லாருக்காது."

தின்றேன். பக்கத்திலேயே நின்றாள். நாலோடு நிறுத்தப் பார்த்தேன், விடவில்லை. "அந்த ஒண்ணியும் துன்னு." கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் சொன்னாள். "அப்பா பூட்டாரு நைனா."

அவள்மேல் அன்று நான் பாய்ந்த பாய்ச்சல் இப்போது நினைத்தாலும் கூசுகிறது. எங்கப்பன் செத்துக் கிடக்கிறான், என்னை வடகறி தின்ன வச்சி வேடிக்கை பார்த்தியா என்று கத்தினேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள். "இனிமே இன்னிக்கி உன்ன யாரு சாப்ட்டியான்னு கேப்பாங்க? எல்லாம் எடுத்து முடிக்கிற வரிக்கும் பட்டினிதான். அதான்."

சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்பது எனக்கும் தெரியும். மூலக்கொத்தளம் சுடுகாடு வரை உச்சி வெயிலில் நடந்து, மயங்கி விழாமல் கொள்ளி வைத்தேன் என்றால் அது அந்த ஐந்து இட்லியால்தான். அதுவும் தெரியும். தெரிந்தும் ஆறு மாதம் அவளோடு பேசவில்லை. பிறகு விசாரித்ததில், கெட்ட சேதி எதுவானாலும் அவள் அப்படித்தான் சொல்வாள் என்று தெருவே சொன்னது. முதலில் வயிற்றுக்கு, பிறகு காதுக்கு.

அதனால் அவள் வண்டியை விட்டுத் தட்டோடு வருவதைப் பார்த்தாலே ஜனங்கள் பயந்துபோவார்கள். அவள் மகளை எண்ணூரில் கொடுத்திருந்தது. மகளுக்குக் குழந்தை பிறந்த சந்தோஷத்தில் கேசரி கிண்டி, முதல் தட்டை அடுத்த சந்துத் தையல்கார பாயிடம் எடுத்துப் போனாள். பாயின் மகன் சவுதியில் வேலை பார்த்தான்.

"சாப்ட்டியா பாய்?"

மனிதர் மிஷினை விட்டு எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். "யா அல்லா! எம்புள்ளைக்கி இன்னாச்சி? மொதல்ல அத்த சொல்லிடும்மா!"

"அய்ய, உன் புள்ளைக்கி ஒண்ணியும் இல்ல. எனுக்கு பேத்தி பொறந்துகீது!"

பாய் உட்கார்ந்து தண்ணீர் குடித்து, கேசரியை மூன்று தட்டு சாப்பிட்டார். "இனிமே நல்ல சேதின்னா வெறுங்கையோட வாம்மா" என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்.

அவள் வீட்டுக்காரர் கப்பலில் சமையல்காரர். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. அவர் விண்ணப்பமெல்லாம் என் கடையில்தான் போனது. அதனால் கம்பெனிக்குக் கொடுத்த மெயில் முகவரியும் என் கடையுடையதுதான். கப்பலிலிருந்து அவர் கூப்பிட்டால் பேச்சு அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். "சாப்ட்டியா? ம். நானும் ஆச்சி. வெச்சிடு." இருபத்திரண்டு பேருக்குப் பொங்கிப் போடுகிற ஆளிடம் என்னக்கா இந்தக் கேள்வி என்று கிண்டல் செய்திருக்கிறேன். "ஊருக்கு ஆக்கறவன் நின்னுகினே ரெண்டு வாய் அள்ளிப் போட்டுக்குவான் நைனா. எனுக்குத் தெரியாதா, நானும் அத்தானே பண்றேன்" என்றாள்.

அந்தக் கப்பல் இத்தாலியில் ஜெனோவா என்கிற துறைமுகத்தில் நின்றிருந்தபோது, சாமான் அறைக்கு இறங்கும் இரும்பு ஏணியில் வழுக்கி விழுந்தார். தலையில் அடி. அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் கப்பல் போய்விட்டது. ஆள் அனுப்பிய ஏஜென்சியிலிருந்து தினம் ஒரு மெயில் வரும், ஒரே வரி, நிலைமை ஸ்டேபிள் என்று. முதல் நாள் நிம்மதியாக இருந்தது. ஐந்தாம் நாளும் அதே வரி.

"ஸ்டேபிளுன்னா இன்னா நைனா? நல்லா கீறாரா, நல்லா இல்லியா?"

"அப்பிடியே கீறாருன்னு அர்த்தம்க்கா."

"எப்பிடியே?"

துணைக்கு வீட்டு ஆள் ஒருத்தரை அனுப்பி வைக்கிறோம் என்று ஏஜென்சியில் சொன்னார்கள், ஆனால் அவளிடம் பாஸ்போர்ட் இல்லை. போட்ட விண்ணப்பம் எங்கோ நின்றது. நான் பாரிமுனைக்குப் போய் அந்த ஏஜென்சி ஆபீசில் கத்தோ கத்தென்று கத்தி, வார்டு போன் நம்பரை மட்டும் வாங்கி வந்தேன். நம் ஊர் நாலரை மணிக்கு மேல் ஒரு மணி நேரம், வீட்டு ஆட்கள் கூப்பிடலாமாம். ஆனால் அந்தப் பக்கம் எடுக்கிற நர்சுக்கு இங்கிலீஷ் பத்து வார்த்தைகூடத் தெரியவில்லை. என் இங்கிலீஷும் அந்த லட்சணம்தான். மொழிபெயர்க்கிற ஆப்பைப் போட்டுப் பார்த்தேன். வெளியே கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்த அடியில் அது நர்ஸ் பேசியதை விட்டுவிட்டு லாரியை மொழிபெயர்க்கப் பார்த்தது.

"உட்றா அத்த. நானே கேக்கறேன். அந்த ஊரு பாஷைல எப்பிடி கீறாருன்னு கேக்கறதுக்கு இன்னா சொல்லணும், அத்த மட்டும் சொல்லிக்குடு."

எனக்கு மட்டும் இத்தாலி பாஷை என் பாட்டன் சொத்தா? யூட்யூபில் தேடினேன். சுருட்டை முடிப் பெண் ஒருத்தி, தினமும் பேசுகிற பத்து வாக்கியங்கள் என்று சிரித்துச் சிரித்துச் சொல்லிக் கொடுத்தாள். முதல் வாக்கியமே எங்களுக்கு வேண்டியது. கோமே ஸ்தா, எப்படி இருக்கிறார். அக்கா ஒரு சாயங்காலத்தில் மனப்பாடம் செய்துவிட்டாள்.

கட்டினவர் பெயரை அவள் வாயால் சொல்லமாட்டாள். எனவே நான் போனைப் போட்டு அவர் பெயரைச் சொல்லி, போனை அவள் கையில் கொடுத்தேன். "கோமே ஸ்தா?" என்றாள், தெளிவாக. அந்தப் பக்கம் நர்ஸ் பேசினாள், பேசினாள், ஒரு நிமிஷம் விடாமல் பேசினாள். அக்கா போனைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒண்ணு கேட்டா அவ ஊரு கதையெல்லாம் சொல்றாளே நைனா. அதுல எங்க கீறாரு எங்கூட்டுக்காரரு?"

அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, யோசித்துக்கொண்டிருந்தாள். "எப்பிடின்னு கேட்டா கததான் வரும். நாம கேட்டது தப்பு. சாப்ட்டாரான்னு கேப்போம். ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. அவளும் பொம்பள, அது புரியும் அவளுக்கு."

தேடி எடுத்தேன். ஆ மன்ஜாத்தோ, சாப்பிட்டாரா. ஸீ என்றால் ஆமாம். நோ என்றால் எல்லா ஊரிலும் நோதான்.

மறுநாள் காலையில் கல்மண்டபம் பூராவும் இத்தாலி பாஷை. தட்டை நீட்டுகிறவனிடமெல்லாம் "ஆ மன்ஜாத்தோ?" என்றாள். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைத்துவிட்டு வருகிறவர்கள், லாரி கிளீனர்கள், எல்லாரும் ரெண்டே நாளில் "ஸீ அக்கா, இன்னும் ரெண்டு வையி" என்று பழகிவிட்டார்கள். பார்க்கிறவர்களுக்குக் கூத்தாக இருக்கும். தட்டு நீட்ட ஆள் இல்லாதபோதும் அவள் அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்ததை எதிர்க் கடையிலிருந்து நான் பார்த்தேன்.

அந்த முதல் நாளே நாலரைக்குப் போன் போட்டோம். "ஆ மன்ஜாத்தோ?"

நர்ஸ் மெதுவாக, "நோ, ஸின்யோரா. நோன் அன்கோரா" என்றாள்.

நோ என்பது அக்காவுக்குப் புரிந்துவிட்டது. முகம் கறுத்துப் போயிற்று. மீதியை நான் தேடினேன். "ஸின்யோரான்னா அம்மா. நோன் அன்கோரான்னா இன்னும் இல்லன்னு அர்த்தம்க்கா."

"இன்னுமா? இன்னும்னா சொன்னா?" என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "இல்லன்னு சொன்னா வேற. இன்னும் இல்லன்னா, துன்னப் போறாருன்னுதானே? துன்னப் போவாதவனப் பாத்து எவளாச்சும் இன்னும்னு சொல்லுவாளா?"

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பத்து நாள் ஓட்டினாள். தினமும் நாலேகாலுக்குத் தலைவாரி, புடவை மாற்றி, ஏதோ அவரே கடைக்கு வரப்போவதுபோல் வந்து ஸ்டூலில் உட்காருவாள். அதுவரை பச்சைத் தண்ணீர்தான். "அவரு துன்னாரா இல்லியான்னு தெரியாம எனுக்கு எறங்கமாட்டேங்குது." நானூறு இட்லி விற்றுவிட்டு ஒரு இட்லி தின்னாமல் வந்து உட்காருகிறவளை என்ன செய்வது? திட்டினேன். நீ விழுந்தா யாரு பாக்கறது என்று கத்தினேன். "கத்தாத, அவ போனு எடுக்கற நேரம்" என்பாள்.

நர்சும் அவளுக்குப் பழகிவிட்டாள். அக்கா வாயைத் திறக்குமுன்பே குரலில் ஒரு சிரிப்பு தெரியும். பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, "ஸீ! ஸீ, ஸின்யோரா! ஊன் போ!" என்று கத்தினாள். ஊன் போ என்றால் கொஞ்சம். இரண்டு ஸ்பூன் கஞ்சியோ என்ன எழவோ. அக்கா போனை வைத்துவிட்டு, ரோட்டில் போன ஒரு பெண் போலீசைக் கட்டிக்கொண்டாள். அன்று எல்லாருக்கும் கேசரி. தையல்கார பாயிடம் மட்டும் வெறுங்கையோடு ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு, பிறகு தட்டை எடுத்துப் போனாள். அன்றைக்கு என் எதிரிலேயே உட்கார்ந்து நாலு இட்லி சாப்பிட்டாள். நானும் என் முட்டாள்தனத்தில், இனி பயமில்லை, பாஸ்போர்ட் வந்தால் போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று சொன்னேன்.

மூன்று நாள் ஸீ வந்தது. நாலாம் நாள் நோ. அடுத்த நாளும் நோ. நோன் அன்கோரா என்று நர்ஸ் சேர்த்துச் சொல்லவில்லை.

"இன்னும் எங்க? இன்னும்னு சொல்லலியே" என்றாள் அக்கா.

"அவசரமா கீறா போலருக்குக்கா."

அதற்கு மறுநாள் நர்ஸ் நோ என்றுகூடச் சொல்லவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். "மி திஸ்பியாச்சே, ஸின்யோரா" என்றாள். அது அந்தச் சுருட்டை முடிக்காரியின் ஏழாம் வாக்கியம். யார் காலையாவது மிதித்துவிட்டால் சொல்லுங்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்திருந்தாள். வருந்துகிறேன் என்று அர்த்தம். அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா சொல்றா?"

"டாக்டரு கூட கீறாராம். நாளைக்கி பேசச் சொல்றா."

பொய் சொன்னேன். அவள் அதை நம்பவில்லை என்று இப்போது நினைக்கிறேன். போனை என் கையிலிருந்து பிடுங்கி, முப்பது வருஷத்தில் வாய்விட்டுச் சொல்லாத அவர் பெயரைச் சொன்னாள். இன்னும் ஒருமுறை, உரக்கச் சொன்னாள். "ஆ மன்ஜாத்தோ? ஏம்மா, ஆ மன்ஜாத்தோ? ஸீ சொல்லு, நோ சொல்லு, எதுனா ஒண்ணு சொல்லேம்மா!" போன் அறுந்துவிட்டது. மறுபடி போட்டோம், எடுக்கவில்லை. அவள் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள். டீ வாங்கிக் கொடுத்தேன், அதில் ஏடு படிந்துபோயிற்று.

அடுத்த நாள் மதியம் இரண்டரைக்கு மெயில் வந்தது. ஒரு வரி இல்லை, ஒரு பக்கம் இருந்தது. ஆழ்ந்த வருத்தம் என்று ஆரம்பித்தது. மூன்று தடவை படித்தேன். பெயர் சரிதானா என்று எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். வேறு யாருடைய பெயராகவாவது இருக்கக்கூடாதா என்று நினைத்தேன், அந்தப் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எண்ணூர் மகளுக்குப் போன் போட்டேன். அலறி ஓய்ந்தபின் அவள் சொன்னாள். "அண்ணா, அம்மா இன்னும் ஒண்ணியும் துன்னிருக்காதுண்ணா. நான் வந்து அழுதேன்னா அதுக்கு மேல தண்ணி கூட தொடாது. இப்பவே ஈர்க்குச்சி மாரி கீது. நான் வர்றதுக்குள்ள எதுனா துன்ன வெச்சி சொல்லிடுண்ணா. உன்ன கும்புட்றேன்."

எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றால் பஸ் எப்போது வரும் என்று ஆண்டவனுக்கே தெரியாது. என் வாழ்நாளில் அன்று ஒருநாள் அந்த டிராபிக் ஜாமுக்கு நன்றி சொன்னேன். மதியம் மூன்று மணிக்கு இட்லி தேடி அலைந்தேன். பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் ஒரு ஓட்டலில் கெஞ்சி எட்டு இட்லி வாங்கிவந்தேன். அக்கா இரவல் கொடுத்து என் கடையிலேயே கிடந்த எவர்சில்வர் தட்டில் நாலை எடுத்து வைத்தேன், மீதி நாலு பார்சலிலேயே இருந்தது.

நாலேகாலுக்கு வந்தாள். தலைவாரி, புடவை மாற்றி. ஸ்டூலில் உட்கார்ந்து, "போடு நைனா" என்றாள். மேஜைமேல் தட்டைப் பார்த்தாள். இருபது வருஷமாக அந்தத் தெருவுக்கே தட்டு ஏந்திப் போனவள். அவளுக்கு ஒருத்தரும் ஏந்தி வந்ததில்லை.

"சாப்ட்டியாக்கா?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "நோன் அன்கோரா" என்றாள்.

"துன்னுக்கா."

"நோன் அன்கோரா." தலையை ஆட்டினாள். "நான் இன்னும் துன்னல நைனா. துன்னாம சொல்லக்கூடாது. அது மொறையில்ல." தட்டை என் பக்கம் தள்ளினாள். நான் திரும்ப அவள் பக்கம் தள்ளினேன். நாலரை ஆயிற்று. சுவர்க் கடிகாரத்தை இருவரும் பார்த்தோம். போனைப் போடு என்று அவள் சொல்லவில்லை. ஐந்தாயிற்று. ஒருத்தன் ஆதார் ஜெராக்ஸுக்கு வந்தான், நான் எழுந்திருக்கவில்லை, அவனாகப் போய்விட்டான். அவள் கையை மடியில் இறுகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் சாப்பிடாத வரைக்கும் அவர் சாகவில்லை. எனக்கு அது புரிந்துவிட்டது, அதனால் என்னாலும் வற்புறுத்த முடியவில்லை. நான்தான் முதலில் உடைந்தேன். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன்.

கொஞ்ச நேரம் கழித்து என் தலையில் அவள் கை பட்டது.

"நீ சாப்ட்டியா?"

காலையிலிருந்து நானும் ஒன்றும் தின்றிருக்கவில்லை. இல்லை என்று தலையாட்டினேன்.

"எடு அந்த பார்சல. ஏர்போட்டு, ஆபீசுன்னு நாளைக்கி நீதானே அலையப் போற. துன்னு."

எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். முதல் வாயை அவள் ரொம்ப நேரம் மென்றாள். "யாரு கட இட்லி இது? மாவு புளிச்சி கீது" என்றாள். நாலையும் தின்றாள். நான் மூன்றோடு நிறுத்தினேன், விடவில்லை. "அந்த ஒண்ணியும் துன்னு."

எழுந்து போய்க் கை கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, ஸ்டூலை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ம்" என்றாள். "இப்ப சொல்லு நைனா."